உங்கள் டோக்கன் எப்போது வரும்?

ஓ.பி.யில் ஒரு டாக்டர் இருக்கிறார். ஒரு நோயாளியைப் பார்க்க அவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது, அதாவது மணிக்கு 12 பேர். வருவது மணிக்கு 11 பேர்தான். இன்னும் ஒருவரைப் பார்க்கக்கூட நேரம் மிச்சம் இருக்கும்போது வெளியே கூட்டம் சேரவே கூடாது என்றுதான் தோன்றும். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது: உள்ளே போவதற்கு முன் ஒருவர் சராசரியாக 55 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வருகிறவர்கள் மணிக்கு 10 பேராகக் குறைந்தால் அந்த 55 நிமிடம் 25 ஆகிவிடும். 9 பேர் என்றால் 15 நிமிடம். 6 பேர் என்றால் வெறும் 5. சரி, 12 பேரே வந்தால்? வரவும் செலவும் சரிக்குச் சரி என்பதால் சமாளித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் அப்போது காத்திருப்பு ஒரு அளவில் நிற்காமல் நீண்டுகொண்டே போகும்.

இவையெல்லாம் நீண்ட நேரச் சராசரிகள். ஆட்கள் தங்கள் வசதிப்படி முன்னே பின்னே வருகிறார்கள், டாக்டர் எடுக்கும் நேரமும் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. எல்லோருக்கும் துல்லியமாக 5 நிமிடம்தான் என்றால்கூடக் காத்திருப்பு பாதியாகத்தான் குறையும், இல்லாமல் போகாது.

காரணத்தை ஒரு இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம். நான்கு பேர் 9:00, 9:05, 9:10, 9:15 என்று வருகிறார்கள், ஆளுக்கு 5 நிமிடம். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அதே நான்கு பேர் 9:00, 9:12, 9:13, 9:14 என்று வந்தால்? முதல் ஆள் 9:05-க்குப் போய்விடுவார். அடுத்த 7 நிமிடம் டாக்டர் சும்மா இருப்பார். 9:12-க்கு வந்தவர் நேராக உள்ளே போவார். 9:13-க்கு வந்தவர் 4 நிமிடமும், 9:14-க்கு வந்தவர் 8 நிமிடமும் காத்திருப்பார்கள். 9:20-க்குச் சரியான நேரத்தில் வருகிற ஐந்தாவது ஆளுக்கும் 7 நிமிடம் போய்விடும். அந்த 7 நிமிட ஓய்வைச் சேமித்து வைத்து 9:14-க்கு எடுத்துச் செலவழிக்க வழியே இல்லை. டாக்டருக்கு இடைவெளி நிறைய இருந்தால் இந்தத் தேக்கம் சீக்கிரம் கரைந்துவிடும். மூச்சுவிட நேரமில்லாத டாக்டர் என்றால் ஒரு தேக்கம் கரைவதற்குள் அடுத்தது வந்து சேரும். ‘அந்த கவுண்டரில் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு வேலையையும் அவரிடம் கொடுங்கள்’ என்று சொல்கிற மேலாளர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. அவர் சும்மா இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வரிசையைச் சின்னதாக வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கு பிறந்தது தொலைபேசியிலிருந்து. டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் கிராருப் எர்லாங் என்ற கணிதக்காரர் 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். எத்தனை லைன் போட்டால் போதும், எத்தனை ஆபரேட்டர் வேண்டும் என்பது நிறுவனத்துக்குப் பணப் பிரச்சினை. அழைப்புகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, ஆனால் அந்த ஒழுங்கின்மையையே நிகழ்தகவால் கணக்கிட முடியும் என்று அவர் 1909-இல் காட்டினார். 1917-இல் வெளியிட்ட சூத்திரங்களில் ஒன்றைக் கால் சென்டர்களில் ஆட்களை நிர்ணயிக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு டாக்டர் வந்து உட்காருகிறார், நோயாளிகள் மணிக்கு 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தனி வரிசை என்றால் ஒவ்வொன்றிலும் மணிக்கு 10 பேர், காத்திருப்பு அதே 25 நிமிடம். இருவருக்கும் பொதுவாக ஒரே வரிசை வைத்தால் சுமார் 11 நிமிடம். ஒரு அறை காலியாக இருக்கும்போது அடுத்த அறை வாசலில் கூட்டம் நிற்கிற அபத்தம் பொது வரிசையில் நடக்காது. பார்க்கத்தான் வரிசை நீளம், நகர்வது வேகம். நிஜத்தில் ஆட்கள் வரிசை மாறி மாறி நிற்பதால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனாலும், பின்னால் வந்தவர் முன்னால் போகிற எரிச்சல் பொது வரிசையில் இல்லை, அதற்காகவே வைக்கலாம் என்பேன். பல மாதமாக ஒரே டாக்டரிடம் காட்டுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு அந்த டாக்டர்தான் வேண்டும்.

காத்திருக்கிறவருக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-இல் நிரூபித்தது: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை = வரும் வேகம் × ஒருவர் தங்கும் நேரம். ஹாலில் 60 பேர், மணிக்கு 30 டோக்கன் நகர்கிறது என்றால் உங்களுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். இதை ஒரு பலகையில் எழுதி வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய செலவில்லை. 2 மணி நேரம் என்று தெரிந்தால் சாப்பிட்டுவிட்டு வரலாம், வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். எதுவும் தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கொடுமை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு இன்னும் கொடுமை.

நேரம் குறித்து வரச்சொல்வது பழைய வழி. பிரிட்டனைச் சேர்ந்த புள்ளியியலாளர் நார்மன் பெய்லி 1952-இல் ஓ.பி. வரிசைகளை ஆராய்ந்து ஒரு விதி சொன்னார்: ஆரம்ப நேரத்துக்கு இருவரை வரச்சொல்லுங்கள், பிறகு சராசரி நேரத்துக்கு ஒருவர் வீதம் கூப்பிடுங்கள். முதல் ஆள் வராவிட்டாலும் டாக்டரின் நேரம் வீணாகாது, மற்றவர்கள் காலை முழுக்க உட்காரவும் வேண்டாம்.

ஆனால் டாக்டரும் நேரத்துக்கு வரவேண்டும். நம் முதல் ஓ.பி.யில் டாக்டர் 9 மணிக்குப் பதில் 9:30-க்கு வருகிறார் என்று வைப்போம். அதற்குள் ஐந்தாறு பேர் சேர்ந்திருப்பார்கள். மணிக்கு 11 பேர் வந்துகொண்டே இருக்க, அவர் 12 பேரைப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் குறைவது ஒரே ஒரு ஆள். அந்த அரை மணித் தாமதம் தீர மதியம் 3 ஆகிவிடும். 2 மணிக்கு வந்த பாட்டிக்குத் தான் எதற்குக் காத்திருக்கிறோம் என்றே தெரியாது.

வரிசையில் நிற்கவே தேவையில்லாதவர்களை வெளியே எடுப்பது இன்னொரு வழி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதன் நோக்கம் வரிசையைக் குறைப்பது மட்டுமல்ல, நடக்க முடியாதவர்களுக்குச் சிகிச்சை விட்டுப்போகக் கூடாது என்பதுதான் முக்கியம். ஆனால் மாதாமாதம் மாத்திரைக்காக மட்டும் வருகிறவர்களில் மணிக்கு ஒருவர் குறைந்தாலே, நிரம்பி வழிகிற ஓ.பி.யில் மற்ற 10 பேருக்கும் ஆளுக்கு அரை மணி நேரம் மிச்சமாகும்.