“எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்யணும்னு நினைப்பேன் சார், அதுதான் என் பலவீனம்”

போன வாரம் ஒரே நாளில் 7 பேரை இன்டர்வியூ எடுத்தோம். உங்கள் பலவீனம் என்ன என்ற கேள்விக்கு 5 பேர் மேலே தலைப்பில் உள்ள பதிலைத்தான் சொன்னார்கள், கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல். நாலாவது ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே பக்கத்தில் இருந்த மேனேஜர் அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி என் பக்கம் தள்ளிவிட்டார். சிரிப்பை அடக்க நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்க வேண்டியதாயிற்று.

அதில் ஒருவர் வெளியே வந்து லிஃப்டுக்காக நிற்கும்போது, இறுக்கம் தளர்ந்து, பழைய வேலையில் பில்லிங்கில் ஒரே தொகை இரண்டு முறை ஏறுவதைக் கண்டுபிடித்த கதையை என்னிடம் சொன்னார். யாரிடம் போய்ச் சொன்னார், முதலில் யாரும் நம்பாததால் மூன்று மாத பில்களை உட்கார்ந்து எப்படி ஒப்பிட்டுக் காட்டினார் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னார். இதை உள்ளே சொல்லியிருக்கலாமே என்றேன். “அந்தக் கேள்வியை நீங்க கேட்கலையே சார்” என்றார். கேட்டோம். ஒரு பிரச்சினையை நீங்களாகத் தீர்த்த அனுபவம் சொல்லுங்கள் என்று கேட்டோம், அதற்கு அவர் தலைமைப் பண்பு பற்றி ஒரு பத்தி ஒப்பித்தார். பேனலில் மற்ற இருவர் காதில் விழாத கதைக்கு நான் எப்படி மதிப்பெண் போடுவது?

எத்தனை வருடமாகச் சொன்னாலும் தீராத ஒரு தவறான எண்ணம் இது. இன்டர்வியூ ஒரு பரீட்சை, கேள்விக்குச் சரியான விடை எங்கோ இருக்கிறது, அதைத் தேடி மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு விடைத்தாள் எங்களிடம் கிடையாது. எங்கள் கையில் இருப்பது ஒரு மதிப்பீட்டுத் தாள். அந்த வேலைக்குத் தேவையான நாலைந்து குணங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், பக்கத்திலேயே ‘ஆதாரம்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் நீங்கள் செய்த ஏதாவது ஒன்றை நான் எழுதியாக வேண்டும். “நான் கடின உழைப்பாளி, டீமோடு நன்றாகப் பழகுவேன்” என்று நீங்கள் சொன்னால் அதில் எழுத எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கட்டம் காலியாக இருந்தால் 2 தான். நீங்கள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எதுவுமே சொல்லவில்லை. அது மட்டுமில்லை, மனப்பாடப் பதில் முதல் கேள்வியைத்தான் தாங்கும். “சரி, கடைசியாக அப்படி எப்போது நடந்தது? அப்புறம் என்ன செய்தீர்கள்?” என்று இரண்டாவது கேள்வி வந்ததும் முகம் வெளிறிவிடுகிறது. நடந்ததைச் சொல்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. எட்டு கேள்வி கேட்டாலும் சொல்ல விஷயம் இருக்கும்.

எல்லாரிடமும் ஏன் ஒரே கேள்விகளைக் கேட்கிறீர்கள் என்று கிண்டல் செய்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1998-ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரே கேள்வி ஒரே அளவுகோல் என்று நடத்தும் இன்டர்வியூவுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பு 0.51 என்று வந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவுக்கு 0.38. 2022-ல் பால் சாக்கெட் குழுவினர் மறுபடி கணக்குப் போட்டு முதல் எண்ணை 0.42 ஆகக் குறைத்தார்கள், அப்போதும் ஆள் தேர்வு முறைகளின் பட்டியலில் அதுதான் முதலிடம். முழுப் பொருத்தம் என்றால் 1 வர வேண்டும் என்பதால், நாங்களும் நிறையவே தப்பாகத் தேர்வு செய்கிறோம் என்று இதற்கு அர்த்தம். ஒரு இடத்தில் வேண்டாம் என்றதும் உடைந்துபோகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், தயவுசெய்து.

அப்படியானால் எப்படித் தயாராவது? பதில்களை எழுதாதீர்கள், சம்பவங்களைச் சேருங்கள். ஐந்தாறு போதும்: ஒரு வெற்றி, ஒரு சொதப்பல், யாரோடாவது கருத்து மோதல், நெருக்கடியில் முடித்த வேலை, புதிதாகக் கற்றுக்கொண்டது, ஒருவரை ஒப்புக்கொள்ள வைத்தது. படிப்பு முடித்த கையோடு வருகிறவர்களுக்குப் புராஜெக்ட், பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி எதுவும் செல்லும். என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்ற வரிசையில் வாயால் சொல்லிப் பாருங்கள். போனில் ரெகார்ட் செய்து கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அதில் ‘செய்தோம், முடித்தோம், தீர்த்தோம்’ என்று எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அடக்கம் நல்லதுதான், ஆனால் அந்த ‘தோம்’ல் உங்கள் பங்கு எது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் செய்ததற்குச் ‘செய்தேன்’ என்றே சொல்லுங்கள்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் பிறந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள், இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள், இந்த வேலை ஏன், இவ்வளவையும் 2 நிமிடத்துக்குள் முடியுங்கள். ரெஸ்யூமே என் கையில்தான் இருக்கிறது.

பலவீனம் கேட்டால் உண்மையான, ஆனால் அந்த வேலையின் அடிமடியில் கை வைக்காத ஒன்றைச் சொல்லுங்கள், அதற்காக இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்து. கணக்கு வேலைக்கு வந்துவிட்டு “எண்களில் கவனம் சிதறும்” என்றால் நான் என்ன செய்ய?

பழைய மேனேஜரைத் திட்டாதீர்கள். அவர் திட்டுக்குத் தகுதியானவராகவே இருக்கலாம், நாற்பது நிமிடத்தில் எங்களுக்கு அது தெரியப்போவதில்லை. வேலை போனதா, இடைவெளி விழுந்ததா, இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். தேதியை மட்டும் மாற்றிப் போடாதீர்கள், சரிபார்க்கும்போது மாட்டிக்கொண்டால் கையில் வந்த ஆஃபரும் போய்விடும், என் கண் முன்னாலேயே போயிருக்கிறது. சம்பளத்துக்கு ஒரு வரம்பு யோசித்துக்கொண்டு வாருங்கள்.

வீடியோ இன்டர்வியூவில் பக்கத்துத் திரையைப் பார்த்துப் படிக்கிறீர்களே, கண் இடமிருந்து வலமாக ஓடுவது எங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. ஏஐ வைத்துப் பயிற்சி செய்யுங்கள், தாராளமாக. உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுதித் தரச் சொன்னால், அதே வாரம் அதே வாக்கியத்தோடு இன்னும் நாலு பேர் வருவார்கள்.

கடைசியில் எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றால் “ஒன்றுமில்லை சார்” என்று எழுந்துவிடாதீர்கள். சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், முந்தின நாள் இரவு இணையத்தில் உள்ள ஐம்பது கேள்விப் பட்டியலை மூடி வைத்துவிட்டு உங்கள் ரெஸ்யூமேயை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். போன மாதம் ஒருவரிடம், ஆறாவது வரியில் எழுதியிருக்கும் சாஃப்ட்வேரை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுவா சார், இது ஃபிரெண்டு டைப் பண்ணும்போது சேர்த்துவிட்டது.”