நைலான் நாடா நெகிழ்வதில்லை, நீள்கிறது

பெங்களூரின் கட்டுமானத் தளங்களிலும் பீன்யா பக்கத்துக் கிடங்குகளிலும் கன்னடம், இந்தி, தமிழ் என மூன்று மொழிகளில் பாதுகாப்புக் குறிப்புகள் ஒட்டப்படுகின்றன. பாரம் தூக்கவும் சரக்கைக் கட்டவும் பயன்படும் அகலமான நைலான் பட்டையைப் பற்றித் தமிழ்ப் பகுதியில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: 'நைலான் வலைப்பட்டைகள் சுமையின் கீழ் நெகிழ்ச்சி அடையும்.' இருப்பது ஆறு சொல். அவற்றில் மூன்று இடங்களில் பிழை. மூன்றும் ஆளை ஆபத்தில் தள்ளக்கூடிய பிழைகள்.

'நைலான்' இருக்கட்டும். 1935இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர் கரோதர்ஸின் குழு உருவாக்கிய இழைக்கு, 1938இல் உலகுக்கு அறிவித்தபோது சூட்டிய பெயர் அது. மொழிபெயர்க்க அதற்குள் பொருள் எதுவும் இல்லை.

'வலைப்பட்டை' தேவையில்லாத சொல். இந்தப் பட்டைக்கு ஆங்கிலத்தில் 'வெப்பிங்' என்று பெயர். அதில் உள்ள 'வெப்' நெசவைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். இணையம் வந்தபின் 'வெப்' என்றாலே வலை என்று பழகிவிட்டதால் இங்கேயும் வலை வந்து ஒட்டிக்கொண்டது. வலை என்றால் கண்கள் இருக்கும். இது இடைவெளி இல்லாமல் நெருக்கி நெய்தது. நமக்கு 'நாடா' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. நாடாக் கட்டில், பாவாடை நாடா என்று வீட்டில் புழங்கும் சொல். கலாசிபாளையத்தில் லாரிக்குச் சரக்குக் கட்டுபவர்கள் 'பெல்ட்' என்கிறார்கள், அதுவும் சரிதான். எழுதும்போது நைலான் நாடா, பேசும்போது நைலான் பெல்ட். வலைப்பட்டை என்று எந்தத் தொழிலாளியும் கேட்டு வாங்கியதில்லை.

'சுமையின் கீழ்' இன்னும் மோசம். கிரேன் வேலை நடக்கும் இடத்தில் முதலில் சொல்லித்தரும் பாடமே 'சுமையின் கீழ் நிற்காதே' என்பதுதான். தூக்கிய பாரத்துக்கு நேர் கீழே உள்ள இடத்துக்குத் தமிழில் அதுதான் பெயர். அதே பலகையில், அதே சொற்களால், 'சுமையின் கீழ் நாடா இப்படி ஆகும்' என்று எழுதினால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? பாரத்துக்கு அடியில் சுற்றிவரும் பகுதியை மட்டும் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். 'சுமை ஏறும்போது' என்றோ 'பாரம் தாங்கும்போது' என்றோ எழுதினால் குழப்பமே இல்லை.

இனி 'நெகிழ்ச்சி'. நெகிழ்தல் என்றால் பிடி தளர்தல், இளகுதல், நழுவுதல். பிரிவால் மெலிந்தவளைப் பற்றித் திருக்குறள் (1236) 'தொடியொடு தோள்நெகிழ' என்கிறது. வளை கழன்றது, தோள் தளர்ந்தது. வளை நீண்டுவிட்டது என்று யாரும் உரை எழுதவில்லை. கட்டு நெகிழ்ந்தது என்றால் முடிச்சு தளர்ந்தது என்று பொருள்; கயிறு நீண்டது என்று பொருளில்லை. மனம் நெகிழ்ந்தது என்றாலும் இளகியது என்றே பொருள்.

இந்த ஒரு சொல்லின் தலையில் கடந்த சில பத்தாண்டுகளில் எத்தனை பாரம் ஏற்றிவிட்டார்கள்! வளைந்து கொடுப்பது நெகிழ்வு. அதனால்தான் 'நெகிழ்வான வேலை நேரம்'. பிளாஸ்டிக்குக்கு நெகிழி. இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் எலாஸ்டிக் குணத்துக்கும் சிலர் நெகிழ்ச்சி என்றே எழுதுகிறார்கள். பொருள்களின் குணத்தை ஆராயும் அறிவியலில் பிளாஸ்டிக் குணமும் எலாஸ்டிக் குணமும் ஒன்றுக்கொன்று எதிர். பிளாஸ்டிக் குணம் என்றால் உருமாறிய பொருள் திரும்பாது. எலாஸ்டிக் குணம் என்றால் திரும்பும். இரண்டுக்கும் ஒரே வேரிலிருந்து சொல் எடுத்தால், 'நாடா நெகிழும்' என்ற வரியைப் படிப்பவருக்கு அது திரும்புமா திரும்பாதா என்பது எப்படித் தெரியும்? நாடாவைப் பயன்படுத்துபவருக்குத் தெரியவேண்டிய முதல் செய்தியே அதுதான்.

இந்தியிலிருந்து தமிழாக்கும்போது பிழை இன்னும் எளிதாக நுழைகிறது. 'லசீலா' என்ற சொல் அங்கே வளைவதற்கும் புழங்கும், இழுபட்டு மீள்வதற்கும் புழங்கும். பொருளைப் பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைப்பவர் 'நெகிழ்வு' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஒரு நாடாவைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காமல் அதைப் பற்றி எழுதுவதை மொழிபெயர்ப்பு என்று ஏற்க முடியாது.

உண்மையில் நடப்பது என்ன? நீளவாக்கில் போகும் பாவு நூல்கள், குறுக்கே போகும் ஊடை நூல்களின் மேலும் கீழுமாக நெளிந்து ஓடுகின்றன. முதல் இழுப்பில் அந்த நெளிவு நிமிர்கிறது. நெசவால் வரும் நீளம் இது. பெரும்பகுதி திரும்பி வராது. புது நாடா முதல் சில தடவை அதிகமாக நீள்வதற்குக் காரணம் இதுவே. அடுத்து இழையின் உள்ளே, ஒழுங்கில்லாமல் சுருண்டு கிடக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் இழுப்புத் திசையில் நிமிர்கின்றன. சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். சாதாரண ஈரப்பதத்திலேயே நைலான் தன் எடையில் சுமார் 4 சதவீதம் நீரை உறிஞ்சும், நாடா நெய்யப் பயன்படும் இன்னொரு இழையான பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். உள்ளே போன நீர் அந்தப் பிணைப்புகளைத் தளர்த்திவிடுவதால், மழையில் நனைந்த நைலான் இன்னும் எளிதாக நீளும், வலுவும் 10 முதல் 15 சதவீதம் வரை குறையும். இங்கே தளர்வது பிணைப்பு. அதற்கு வேண்டுமானால் 'நெகிழ்' என்று சொல்லலாம், இடம் பொருந்துகிறது.

அளவைப் பார்ப்போம். தாங்கலாம் என்று நாடாவில் குறித்த முழுப் பாரத்தில் நைலான் தூக்குநாடா சுமார் 8 சதவீதம் நீளும், பாலியெஸ்டர் சுமார் 3 சதவீதம். 4 மீட்டர் நாடா இரண்டில் ஒன்று நைலான், மற்றது பாலியெஸ்டர் என்று கலந்து மாட்டினால், ஒன்று 32 செ.மீ. நீளும், மற்றது 12 செ.மீ. பாரம் ஒரு பக்கம் சாய்ந்து வழுக்கும். 'நெகிழும்' என்று படித்தவர் இதை எதிர்பார்க்கமாட்டார். 'நீளும்' என்று படித்தவர், எவ்வளவு நீளும் என்று கேட்பார். ஐரோப்பிய முறைப்படி நாடாவில் தைத்த வில்லையில் (லேபிளில்) நைலானுக்குப் பச்சை, பாலியெஸ்டருக்கு நீலம். மாட்டுமுன் வில்லையைப் பார்க்கவேண்டும்.

ஆகவே என் பரிந்துரை 'நீட்சி'. நீள் என்ற வேர், நீட்டலளவை என்று பள்ளியிலேயே படித்த பொருள், சென்டிமீட்டரில் அளக்கக்கூடிய செய்தி. திரும்பி வரும் பங்குக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள 'மீட்சி' போதும். திரும்பாமல் தங்குவதற்கு 'எச்ச நீட்சி'. சோதித்துப் பார்ப்பது எளிது. நாடாவில் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, பாரம் ஏற்றி அளந்தால் 108 செ.மீ. வருகிறது என்று வைப்போம்; நீட்சி 8 செ.மீ. இறக்கி ஒரு நாள் விட்டு அளந்தால் 102. மீட்சி 6, எச்ச நீட்சி 2.

பாரம் மாறாமல் தொங்கும்போது மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதை 'ஊர்தல்' என்று எழுதுகிறார்கள். எது ஊர்கிறது? நாடா கொக்கியில் நழுவுகிறது என்றல்லவா தோன்றும்? 'மெல்நீட்சி' என்றால் தெளிவு. லாரியில் நடப்பது வேறு. சரக்கு அசையவில்லை, நாடாவின் நீளமும் மாறவில்லை, ஆனால் நாடாவை இறுக்கும் ராச்செட் என்ற கருவியால் ஏற்றிய இறுக்கம் தானாகக் குறைகிறது. இதற்கு 'இறுக்கத் தளர்வு'. ஓசூர் தாண்டுமுன் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்கச் சொல்வது இதற்காகத்தான். கட்டில் நாடா நடுவில் இறங்கினால் 'தொய்ந்துபோச்சு' என்போமே, அது நீட்சியின் விளைவு. நீட்சிக்கே அதைப் பெயராக வைக்கக்கூடாது.

பலகையில் இப்படி எழுதலாம்: 'பாரம் ஏறும்போது நைலான் நாடா மீட்டருக்கு 8 செ.மீ. வரை நீளும். நனைந்தால் இன்னும் நீளும். பாலியெஸ்டர் நாடாவோடு சேர்த்து மாட்டாதீர்கள். நீண்ட நாடா அறுந்தால் சுண்டி அடிக்கும். அதன் நேர்கோட்டில் நிற்காதீர்கள்.'