‘அது உன்பாடு’ என்று சொல்லாத ஒருவர்

“ஆண்டவர் மன்னிச்சிட்டார்னு தெரியும். என்னாலதான் என்னை மன்னிக்க முடியல.” கொடைக்கானல் மலையில் ஆலோசனைக்கு வரும் கிறிஸ்தவர்கள் அடிக்கடி சொல்வது இது. இவர்களில் பலர் திருவிருந்து ஞாயிறன்று அப்பமும் ரசமும் பெற எல்லாரும் எழுந்து போகும்போது பெஞ்சிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். சிலர் தோட்டத்தில் வேலை என்று சொல்லிக் கோயிலுக்கே வருவதை விட்டிருப்பார்கள்.

தன்னைத்தானே மன்னிப்பது என்ற பேச்சு வேதாகமத்தில் எங்கும் இல்லை. மன்னிப்பவர் கடவுள், அடுத்து, நம்மால் காயப்பட்ட மனிதர். நம் பங்கு கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொள்வது மட்டுமே. தன்னைக்குறித்துத் தான் தீர்ப்புச் சொல்வதில்லை என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 4:3). உங்களுக்கு நீங்களே விடுதலை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நீதிபதி நாற்காலி உங்களுடையதே அல்ல.

முதல் வேலை, மனதில் கிடப்பதைப் பிரிப்பது. செல்போனில் வேண்டாம், ஒரு தாளில் எழுதுங்கள். நான் தெரிந்து செய்த தவறு எது, என் கையில் இல்லாமல் நடந்தது எது, பிறர் எனக்குச் செய்தது எது? இந்த மூன்றும் ஒரே மூட்டையாகக் கிடப்பதால்தான் தூக்க முடிவதில்லை.

இரண்டாவது வகை மலைக்கிராமங்களில் அதிகம். மன்னவனூரிலோ கவுஞ்சியிலோ ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சுவலி. வாயுப்பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் கொடுக்கிறார்கள். வண்டி கிடைத்து, கொடைக்கானல் வந்து, அங்கிருந்து வத்தலக்குண்டு நோக்கி மலைப்பாதையில் இறங்கும்போது வழியிலேயே உயிர் போய்விடுகிறது. “ஒரு மணி நேரம் முன்னாலயே கிளம்பியிருக்கலாம், நான்தான் கொன்னுட்டேன்” என்று மகன் பல வருஷம் சுமக்கிறார். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. அந்த ராத்திரியை மணிவாரியாக எழுத வேண்டும். அந்தந்த நேரத்தில் தெரிந்ததை நீல மையிலும், பின்னால் தெரியவந்ததைச் சிவப்பு மையிலும் எழுத வேண்டும். மாரடைப்பு என்ற சொல் பெரும்பாலும் சிவப்பு மையில்தான் வரும். தெரியாததைத் தெரிந்திருந்ததாக வைத்துத் தன்னைத் தண்டிக்கிறோம் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். அவருக்குத் தேவை பாவமன்னிப்பு அல்ல, அழுது தீர்க்க ஒரு இடம். அவரிடம் பாவ அறிக்கை செய்யச் சொல்வது தவறு.

மூன்றாவது வகையில் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் வருகிறார்கள். அதில் உங்கள் குற்றம் எள்ளளவும் இல்லை. மன்னிப்புக் கேட்க உங்களிடம் ஒன்றுமில்லை.

இனி முதல் வகை. உண்மையாகவே செய்த தவறு. இங்கே இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யூதாஸ் வருந்தவில்லை என்று நினைப்பவர்கள் மத்தேயு 27-ஐ மறுபடி படிக்கட்டும். அவன் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தான். “குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்று வாய்விட்டுச் சொன்னான். வருத்தம், ஈடு, அறிக்கை மூன்றும் இருந்தன. ஆனால் அவன் போன இடம் பிரதான ஆசாரியரிடம். அவர்கள் சொன்ன பதில்: “எங்களுக்கென்ன, அது உன்பாடு.” அதைக் கேட்டபின் அவன் தனியாகப் போனான். பேதுருவும் மனங்கசந்து அழுதவன்தான். ஆனால் மற்ற சீஷர்களோடே இருந்தான். கரிநெருப்பின் அருகே நின்று மூன்று முறை மறுதலித்தவனிடம், கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பின் அருகே இயேசு மூன்று முறை “என்னை நேசிக்கிறாயா” என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார் (யோவான் 21). சாப்பாடு கொடுத்த பிறகுதான் கேட்டார் என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே யாரிடம் சொல்கிறோம் என்பது பாதி மருந்து. ஊர் சின்னது, போதகர் வீட்டு வாசலில் யார் நின்றாலும் கடைவீதிக்குத் தெரிந்துவிடும். உள்ளூரில் கூச்சமென்றால் கீழே திண்டுக்கல்லிலோ பெரியகுளத்திலோ உள்ள போதகரிடம் போவதில் தவறில்லை. கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனத்தில் (குருவானவரிடம் செய்யும் பாவ அறிக்கையில்) சொன்னதைக் குருவானவர் யாரிடமும் வெளியிடக்கூடாது. அதற்கு விலக்கே இல்லை. ஒரே ஒருவர் போதும். குறுக்கே பேசாதவர், ரகசியம் காப்பவர், கேட்டு முடித்ததும் உங்களோடு ஜெபிப்பவர். ஆறாத காயத்தைக் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்ல வைப்பதை நாங்கள் அழுத்தமாக எதிர்க்கிறோம். அன்று கைதட்டல் கிடைக்கும். மறுநாள் காலையிலிருந்து அவமானம் இரட்டிப்பாகும்.

சொல்லும்போது என்ன செய்தேன், யாருக்கு, அதனால் அவருக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள். “நான் ஒரு பாவி, புழு” என்று பொதுவாகத் திட்டிக்கொள்வது அறிக்கை ஆகாது. அது குறிப்பிட்ட தவறின் பெயரைச் சொல்லாமல் தப்பிக்கும் வழி.

அடுத்தது ஈடுகட்டுதல். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. பூண்டு வியாபாரத்தில் பங்காளியிடம் 10,000 ரூபாய் மறைத்தவர் 12,000 ஆகக் கொடுக்கலாம். மொத்தமாக முடியாவிட்டால் தேதி குறித்துத் தவணையாக. மன்னிப்பை ஒருமுறை தெளிவாகக் கேளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அழுதுகொண்டு போய் நின்றால், காயப்பட்டவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வரும். அவர் உங்களைப் பார்க்கவே பயந்தால் நேரில் போகாதீர்கள். இறந்துவிட்டாரென்றால் கடிதம் எழுதி, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அவர் கல்லறையருகே வாசிக்கலாம்.

இத்தனை செய்தபின்னும் நினைவு வரும். மழைக்காலத்தில், மூடுபனி இறங்கி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்களில் கூடுதலாக வரும். நினைவு வருவதால் மன்னிப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தமில்லை. அறிக்கை செய்த தேதியை வேதாகமத்தின் கடைசித் தாளில் எழுதி வையுங்கள். நினைவு வந்தால் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுக் கைவேலைக்குத் திரும்புங்கள். “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்” (1 யோவான் 3:20).

ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்பவர்களுக்குச் சிகிச்சை வேறு. செண்பகனூரில் 1895 முதல் இருக்கும் இயேசு சபை இல்லத்தை இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரே 1522 வாக்கில் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே நோயில் தவித்தார். அறிக்கை செய்ததையே மறுபடி மறுபடி அறிக்கை செய்தார். உயிரை விட்டுவிடும் எண்ணம்வரை போனார். பழைய பாவங்களை இனி அறிக்கை செய்வதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுபட்டார். இன்றைய மனநல மருத்துவம் இதை எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகையாகப் பார்க்கிறது. தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனால், கூடுதல் ஜெபமும் உபவாசமும் நோயைத்தான் வளர்க்கும். அதற்குரிய பயிற்சியும் மருந்தும் உண்டு.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவற்றோடு குற்ற உணர்வும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அளவுக்கு மீறிய குற்ற உணர்வு அந்நோயின் அறிகுறிகளில் ஒன்று. அரசு மருத்துவமனையில் கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் 14416 அல்லது 104-ஐ உடனே அழையுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பூச்சிமருந்து டப்பாவை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். தோட்ட வேலை செய்யும் வீடுகளில் இதுதான் முதல் காரியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மனைவியை அடித்துவிட்டு, “ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார், நீயும் மறந்துடு” என்பவர் மன்னிப்பைக் கேடயமாக்குகிறார். அடி நிற்கும்வரை அந்தப் பேச்சு செல்லாது. அந்தப் பெண்ணின் பாதுகாப்பே முதலில்.

திருவிருந்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். அபாத்திரமாய் (தகுதியில்லாமல்) புசிக்கக்கூடாது என்ற வசனம், ஏழைகள் பசித்திருக்க முந்திச் சாப்பிட்ட கொரிந்தியரைக் கண்டித்து எழுதப்பட்டது. அடுத்த வசனமே, தன்னைச் சோதித்தறிந்து, புசிக்கக்கடவன் என்கிறது (1 கொரிந்தியர் 11:28). முதல் ஞாயிறு கால் எழாது. உங்கள் அறிக்கையைக் கேட்டவரையோ நம்பிக்கையான ஒருவரையோ அன்று அதே பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். வரிசை நகரும்போது அவர் முன்னே எழட்டும். நீங்கள் பின்னால் போங்கள்.