டிக்கிக்குள் ஓர் ஓம் கணக்கு

சென்னை ஜி.பி. ரோடு மாதிரி கார் உபகரணக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் போய் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கேட்டால், எத்தனை வாட்ஸ் என்பதில்தான் பேச்சு தொடங்கும். அட்டைப்பெட்டியிலும் அந்த எண்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். ஓரத்தில் பொடியாக ‘டூயல் 4 ஓம்’ என்று அச்சடித்திருப்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆம்ப்ளிஃபையர் நிம்மதியாக ஓடுமா, பத்து நிமிடத்தில் சூடேறி அணையுமா என்பது பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

ஒரே சேனல் உள்ள ‘மோனோபிளாக்’ ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 ஓமில் 300 வாட்ஸ், 2 ஓமில் 500 வாட்ஸ், அதற்குக் கீழே போகக்கூடாது என்று கையேடு சொல்கிறது. ஆம்ப் தருவது மின்னழுத்தம். அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை முடிவுசெய்வது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு; அதைத்தான் ஓமில் சொல்கிறார்கள். 4 ஓமில் 300 வாட்ஸ் வர சுமார் 34.6 வோல்ட் வேண்டும், அப்போது 8.7 ஆம்பியர் ஓடும். அதே வோல்ட்டில் 2 ஓமைக் கட்டினால் 17.3 ஆம்பியர். 1 ஓம் என்றால் 34.6 ஆம்பியர். ஆம்ப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களின் மின்தடையில் வீணாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 4 ஓமிலிருந்து 1 ஓமுக்கு இறங்கினால் அந்த வெப்பம் 16 மடங்கு. சிவப்பு ‘புரொடெக்ட்’ விளக்கு எரிவது இதனால்தான். மலிவான ஆம்ப்பில் சில சமயம் விளக்குக்கு முன்னால் புகை வந்துவிடும்.

கணக்குப்படி 2 ஓமில் 600 வாட்ஸ் வந்திருக்க வேண்டும். 500தான் வருகிறது, ஏனென்றால் 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் உள் பவர் சப்ளை அவ்வளவு மின்னோட்டத்தில் தன் வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் தொய்ந்துவிடுகிறது.

வீட்டு ஸ்பீக்கர்களில் 8 ஓம் சகஜமாக இருக்க, காரில் 4 ஓம் ஏன்? வோல்ட் பஞ்சம்தான் காரணம். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட் வாக்கில். டேஷ்போர்டு ஸ்டீரியோ அந்த வோல்ட்டை நேரடியாகப் பயன்படுத்தி, எந்த இழப்பும் இல்லாமல் ஓட்டினாலும், சுத்தமான சைன் அலையில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 26 வாட்ஸுக்கு மேல் தர முடியாது. 8 ஓம் என்றால் 13 வாட்ஸோடு சரி. (அப்படியானால் ஸ்டீரியோ முகப்பில் ‘50 வாட்ஸ் × 4’ என்று எப்படிப் போடுகிறார்கள்? அது உச்சகட்டக் கணக்கு. நம்ப வேண்டாம்.)

இனி அந்த ‘டூயல்’ விஷயம். அப்படிப்பட்ட சப்வூஃபரில் ஒரே கூம்புக்கு இரண்டு வாய்ஸ் காயில்கள் (கூம்பை அசைக்கும் செம்புக் கம்பிச் சுருள்கள்). இரண்டு 4 ஓம் காயில்களை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கட்டினால் 8 ஓம், பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கட்டினால் 2 ஓம். டூயல் 2 ஓம் சப் என்றால் 4 அல்லது 1. ஆகவே நம் 2 ஓம் ஆம்ப்புக்கு டூயல் 4 சப் கச்சிதம். பேரலலில் கட்டி 500 வாட்ஸையும் எடுக்கலாம். டூயல் 2 வாங்கியவர் அதை 4 ஓமாகக் கட்டி 300 வாட்ஸில் திருப்திப்பட வேண்டியதுதான். இரண்டு டூயல் 4 சப்களை மாட்டினால் எல்லாக் காயிலையும் பேரலலில் கட்டி 1 ஓமுக்குக் கொண்டுபோய்விடும் ஆபத்து உண்டு. ஒவ்வொன்றையும் தனக்குள் சீரிஸாக்கி, பிறகு இரண்டையும் பேரலலில் சேர்த்தால் 4 ஓம். எந்த ஏற்பாட்டிலும் ஒரு காயிலைச் சும்மா விட்டுவிடக்கூடாது. அதே அளவு மின்னோட்டம் காயிலில் பாய்ந்தாலும் கூம்பைத் தள்ளும் விசை பாதியாகும், சூடு முழுவதும் மற்றக் காயிலின் தலையில் விழும்.

இரண்டு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்பவர்களுக்கு, அதாவது இரு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுபவர்களுக்கு, இன்னொரு பொறி இருக்கிறது. பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் உணரும். சேனலுக்கு 2 ஓம் தாங்கும் ஆம்ப், பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

இதையெல்லாம் ‘இம்பீடன்ஸ் பொருத்துவது’ என்று சொன்னாலும், பழைய வால்வு ஆம்ப்களில் நடந்த பொருத்தம் வேறு. அவற்றின் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 ஓமுக்குத் தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கருக்கு ஏற்ற முனையில் கட்ட வேண்டும். இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் சொந்த இம்பீடன்ஸ் ஒரு ஓமில் சிறு பின்னம்தான். இங்கே சமம் பார்க்கும் வேலையே இல்லை, கீழ் வரம்பு மட்டும்தான். 8 ஓமைக் கட்டினால் ஆம்ப் கெடாது. வாட்ஸ் குறையும், அவ்வளவே.

எனக்குச் சுவாரசியமான இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. ‘4 ஓம்’ என்பது நிலையான எண்ணே இல்லை. மல்டிமீட்டர் வைத்தால் 3.5 ஓம் அருகில் காட்டும், காரணம் அது அளப்பது செம்புக் கம்பியின் மின்தடையை மட்டும். பாட்டு ஓடும்போது காந்தப்புலத்துக்குள் அசையும் காயில் தானே ஒரு ஜெனரேட்டராகி எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். கூம்பு மிகச் சுலபமாக அதிரும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் இந்த எதிர்ப்பு உச்சத்துக்குப் போய், இம்பீடன்ஸ் 20, 30 ஓம் என்று எகிறிவிடும். மூடிய பெட்டியில் இப்படி ஒரு சிகரம். துளை வைத்த பெட்டியில் இரண்டு சிகரம், நடுவில் ஒரு பள்ளம். போதாததற்குச் செம்பு சூடானால் மின்தடை கூடும், டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம். காயில் 100 டிகிரி ஏறிவிட்டால் 3.5 ஓம் 4.9 ஓமாகிவிடும். அரைமணி நேரம் அலறவிட்ட பிறகு பேஸ் மெலிந்ததுபோல் தோன்றினால் அது காதின் கோளாறாக மட்டும் இருக்கவேண்டியதில்லை.

300 வாட்ஸ் 500 ஆவதால் காதுக்குக் கிடைப்பது 2.2 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். இதற்காக ஆம்ப்பின் வரம்பை மீறி 1 ஓமுக்கு இறங்குவது என் கணக்கில் வீண் வேலை. அந்தக் காசைப் பெட்டிக்கும் வயருக்கும் போடலாம். 80 சதவீதத் திறனுள்ள ஆம்ப்பாக இருந்தாலும் 500 வாட்ஸ் தர பேட்டரியிலிருந்து 43 ஆம்பியர் இழுக்கும். ஐந்து மீட்டர் 8 கேஜ் (கேஜ் என்பது வயரின் தடிமன் எண்) செம்பு வயரில் அப்போது 0.4 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். செம்பு பூசிய அலுமினிய வயரில் இழப்பு இன்னும் அதிகம்.

கட்டி முடித்ததும் ஆம்ப்பில் செருகும் முன் அந்த இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். டூயல் 4 பேரலலில் 1.7 ஓம் வாக்கில், சீரிஸில் 7 ஓம் வாக்கில் காட்டவேண்டும். 3.5 காட்டினால் ஒரு காயில் விட்டுப்போயிருக்கிறது. மீட்டர் வயரின் மின்தடையைக் கழிக்க மறக்கவேண்டாம். பிறகு ஒரு 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸை பிளஸ் முனையில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் கூம்பு வெளியே நகரும். அசையாமல் நின்றால் ஒரு காயிலின் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கக்கூடும்: இரண்டும் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. மீட்டர் அப்போதும் சரியான ஓமைத்தான் காட்டும்.