கொல்லையில் ஊஞ்சல் போடும் முன் தரையைப் பாருங்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் முழங்கை வீங்கிய குழந்தைகள் எங்கள் எலும்பு முறிவுப் பிரிவுக்கு வரத் தொடங்குவார்கள். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயது. அடிபட்ட கையை மறுகையால் தாங்கிப் பிடித்திருப்பார்கள். எங்கிருந்து விழுந்தாய் என்றால் ஊஞ்சல், சறுக்குமரம், மாடிப்படி என்று பதில் மாறும். எதன் மேல் விழுந்தாய் என்றால் அநேகமாக சிமெண்டுத் தரை, இல்லையென்றால் கட்டாந்தரை.

அதற்காக விளையாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஓடுவதும் குதிப்பதும் தொங்குவதும்தான் வளரும் எலும்பை உறுதியாக்குகின்றன. அம்மா, அப்பா, தாத்தா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கொல்லையில் ஓர் ஊஞ்சலும் சறுக்கும் அமைப்பது, ஒரு குடும்பம் விடுமுறையில் செய்யக்கூடிய மிக நல்ல வேலை என்றே நினைக்கிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: வெல்டிங் பட்டறைக்குப் போவதற்கு முன்னால், கீழே என்ன விரிக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். பைப்புக்கும் பெயிண்டுக்கும் பணமெல்லாம் போய்விடுகிறது, தரைக்கு மிஞ்சுவதில்லை.

வீட்டு விளையாட்டுச் சாதனங்களுக்கு அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தந்திருக்கும் அளவுகளைத்தான் பெற்றோரிடம் சொல்வேன். 9 அங்குல ஆழ மணல், 4 அடி உயரத்திலிருந்து விழுந்தால் காக்கும். அதே ஆழத்துக்கு மரச்சில்லு போட்டால் 10 அடி வரை காக்கும். மிதிபட்டு அமுங்கும் என்பதால் முதலில் 12 அங்குலம் கொட்ட வேண்டும். சாதனத்தைச் சுற்றி 6 அடிக்கு அது பரவியிருக்க வேண்டும். சறுக்கின் மேடையை 4 அடிக்குள் வைத்துக்கொண்டால் மணல் போதும். ஊஞ்சலுக்குப் போதாது. அதன் உயரத்தைப் பலகையிலிருந்து அல்ல, மேலே கட்டியிருக்கும் இடத்திலிருந்து கணக்கிட வேண்டும், அதனால் அங்கே மரச்சில்லுதான். எளிதாகக் கிடைக்கிறதே என்று எம்-சாண்ட் கொட்டாதீர்கள், நனைந்து காய்ந்தால் இறுகிவிடும். புல்லும் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து கட்டாந்தரையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஆழத்தை மறுபடி அளந்து நிரப்புங்கள். இரவில் தார்ப்பாய் போட்டு மூடினால் மணலைப் பூனை அசுத்தம் செய்யாது.

ஊஞ்சல் கேட்கும் இடம் பலருக்கு வியப்பாக இருக்கும். 7 அடி உயரத்தில் தொங்கினால் முன்னால் 14 அடி, பின்னால் 14 அடி வெறும் இடம் வேண்டும். நம் கொல்லைகளில் அதற்குள் கிணற்றுச் சுவரோ துவைக்கிற கல்லோ வந்துவிடும். அப்படியென்றால் ஊஞ்சலை விட்டுவிட்டு ஏணியும் சறுக்கும் மட்டும் போடுங்கள். மரத்தில் கட்டுவதானால் வேம்பின் பருத்த கிளையில் கட்டுங்கள். முருங்கை பார்க்கத் தடியாக இருந்தாலும் சட்டென்று முறியும்.

சேலையில் ஊஞ்சல் கட்டித் தருவது வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றுவார்கள், துணி கழுத்தில் இறுகினால் கத்தக்கூட முடியாது. இப்படி இறந்த குழந்தைகளின் செய்தி நம் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. துப்பட்டாவைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பதையும் வீட்டின் சட்டமாக்குங்கள்.

கம்பிகளுக்கும் ஏணிப்படிகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் கீழே இருக்கட்டும், அல்லது 9 அங்குலத்துக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் என்றால் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். தகரச் சறுக்கு சித்திரை வெயிலில் தொடையைச் சுட்டுவிடும், அதை நிழலில் வையுங்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று. சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். குழந்தையின் கால் பக்கவாட்டில் மாட்டி நின்றுவிடும், உங்கள் எடை அதைத் தள்ளிக்கொண்டு கீழே போகும், கெண்டைக்கால் எலும்பு உடைந்துவிடும். பாதுகாப்புக்காகத்தானே மடியில் வைத்தேன் என்று அழும் தாய்மார்களைத் தேற்றுவது எளிதல்ல. தனியாகச் சறுக்கத் தெரியாத வயதென்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

வேலையில் பிள்ளைகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். டேப் பிடித்து அளப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, ஸ்பேனரால் நட்டை முறுக்குவது, மணலைச் சட்டியில் அள்ளிக் கொட்டுவது எல்லாம் அவர்களால் முடியும். தான் முறுக்கிய நட்டு தளர்ந்தால் முதலில் கவனிப்பதும் அந்தப் பிள்ளைதான். டிரில்லும் வெல்டிங்கும் பெரியவர்களோடு நிற்கட்டும். கால்களுக்குப் போட்ட காங்கிரீட்டுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விடுங்கள். அதுவரை அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் ஏறவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விழலாம். முழங்கை வீங்கினால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், இழுத்து நேராக்காதீர்கள். முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த எலும்பு, கைக்குப் போகும் ரத்தக்குழாயையும் நரம்பையும் அழுத்தக்கூடும். அதன் மேல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும், பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். கை எப்படி இருக்கிறதோ அப்படியே மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அணைகொடுத்துத் தளர்வாகக் கட்டுங்கள். விரல்கள் வெளுக்கின்றனவா, சில்லிடுகின்றனவா, அசைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வழியில் பாலோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருப்பதே நல்லது.