ஆட்டோ கியர் எண்ணெயைப் பார்க்கும் முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கார் பழுதுபார்ப்பது என் தொழில். அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து தானாகக் கியர் மாறும் 'ஆட்டோ' வகைக் காரான பழைய புரோட்டோன் வீரா ஒன்றை என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். "அண்ணே, எண்ணெய் குறைவாகத்தான் இருந்தது, ஒரு லிட்டர் ஊற்றினேன். அப்புறம் ஏன் கியர் வழுக்குகிறது?" என்று கேட்ட இளைஞரின் முகத்தில் கவலை தெரிந்தது. கார் அவருடைய தந்தையுடையது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து சேமித்த பணத்தில் அவர் வாங்கியது.

மகன் காலையில் என்ஜினை முடுக்கிய கையோடு கியர் எண்ணெயின் மட்டத்தைக் காட்டும் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்திருக்கிறார். ஆட்டோ கியர் எண்ணெய் சூடேறும்போது விரிவடையும். ஆகையால் குளிர்ந்திருக்கும்போது அதன் மட்டம், கம்பியில் உள்ள 'ஹாட்' (சூடு) குறிக்குக் கீழே நிற்பது இயல்பு. அதைக் குறைவு என்று எண்ணி ஒரு லிட்டர் ஊற்றியதால், ஈப்போவரை ஓடிச் சூடேறிய எண்ணெய் அளவுக்கு மீறி உயர்ந்து, சுழலும் பற்சக்கரங்களில் அடிபட்டு நுரைத்துவிட்டது. நுரையில் காற்று கலந்திருப்பதால் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும். எண்ணெய் குறைந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சி இதே கேடுதான் விளையும் என்பதால், மிகையும் குறையும் வண்டியை ஓட்டுபவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

ஆனால் கியர்பெட்டியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, கம்பியை இழுக்கும் மனிதரைப் பற்றித்தான். பெரும்பாலான பழைய ஆட்டோ கார்களில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் பிரேக்கை மிதித்தபடி கியர்த்தண்டை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை மெதுவாக நகர்த்த வேண்டும். பல பழைய கார்களில் பிரேக்கை மிதிக்காமலே 'பி' (நிறுத்தம்) நிலையிலிருந்து தண்டை எடுத்துவிட முடியும். நான் தொழில் பழகிய நாளில், ஒருவர் வெளியே நின்றபடி சன்னல் வழியாகக் கையை நீட்டித் தண்டை நகர்த்தினார். தண்டு 'டி' (ஓட்டம்) நிலையில் விழுந்து கார் முன்னே பாய, அவருடைய முழங்கால் சுவருக்கும் பம்பருக்கும் இடையில் சிக்கியது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆகவே இந்த வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, பார்த்து முடியும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருக்க வேண்டும். அந்த இருக்கையில் பிள்ளைகளை உட்கார வைக்கவே கூடாது. காரைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையால் முட்டுக் கொடுங்கள். தோட்டத்து லயத்து வீடுகளின் வாசல்கள் பெரும்பாலும் சரிவானவை. சரிவில் ஆபத்து ஒருபுறமிருக்க, கம்பி காட்டும் அளவும் பொய்யாகிவிடும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, நீண்ட சங்கிலி ஆகியவற்றை அகற்றிவிடுங்கள். ரேடியேட்டர் விசிறி எந்த நேரத்திலும் தானாகச் சுழலத் தொடங்கும்.

எந்த நிலையில் பார்ப்பது என்பது காருக்குக் கார் மாறும். மிட்சுபிஷி வழிவந்த வீராவில் என்ஜின் ஓட, தண்டு 'என்' (நடுநிலை) நிலையில் இருக்க வேண்டும். பல டொயோட்டாக்களில் 'பி' நிலை. பழைய ஹோண்டாக்களிலோ சூடேறிய என்ஜினை அணைத்து, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் முறையை மற்றக் காரில் கையாண்டால், மேலே சென்ற எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடுவதால் மட்டம் உயர்ந்து காட்டும், உண்மையான குறைவு மறைந்துவிடும். கையேடு இல்லாவிட்டால் கம்பியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டியபின் பார்ப்பதே சரி. கேமரன் மலை ஏறி இறங்கி வந்தவுடன் என்றால் அரை மணி நேரம் ஆற விடுங்கள்.

கம்பியை நூல் உதிராத துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செலுத்தி, மறுபடி இழுத்துப் படியுங்கள். பிறகு ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். நல்ல எண்ணெய் ரோஜா சிராப்பைப் போலத் தெளிவான சிவப்பாகப் பரவும். கறுத்துக் கருகல் வாடை வீசினால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ரோஜா சிராப்பில் பால் கலந்த பண்டோங் பானம் போல வெளிறிய பால் நிறமாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீரோ வெள்ள நீரோ கலந்திருக்கக்கூடும். அந்தக் காரை ஒரு மைல்கூட ஓட்டாமல் இழுத்து வரச் செய்யுங்கள்.

ஊற்ற வேண்டியிருந்தால், உற்பத்தியாளர் குறிப்பிட்ட வகையை மட்டும் கால் லிட்டருக்கும் குறைவாக ஊற்றி, மறுபடி அளந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். அளவுக் கம்பியே இல்லாத கியர்பெட்டி என்றால் பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அதை நீங்களே பார்க்க, ஜாக்கியில் தூக்கிய காரின் அடியில் நுழையாதீர்கள்.

அந்த வீராவில் மிகையான எண்ணெயை, கம்பி செல்லும் குழாய் வழியாகவே மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தேன். பின்னர் தந்தை பிரேக்கில் கால் வைத்திருக்க, மகன் மூன்று முறை துடைத்து இழுத்துப் பார்த்தார். மூன்று முறையும் சிவப்புக் கோடு ஒரே இடத்தில் நின்றது.