சிம்பல் விசிபிலிட்டி: தெரிநிலை

பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பகிர்நிரலகம் (ஷேர்டு லைப்ரரி) ஒன்றில் இருக்கும் செயற்கூறு அல்லது மாறியின் பெயரும் அதன் முகவரியும் சேர்ந்த பதிவுதான் சிம்பல். மூலம் கிரேக்கத்தின் 'சும்போலோன்'. ஒரு பொருளை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு துண்டாக வைத்துக்கொள்வார்கள். பிறகு பொருத்திப் பார்த்து ஆளை அடையாளம் காண்பார்கள். தொகுத்த கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரின் வேலையும் அதுவே: ஒரு கோப்பில் வெறும் பெயராக நிற்பதை இன்னொரு கோப்பிலுள்ள வரையறையோடு பொருத்துகிறது. 'குறியீடு' என்ற சொல் ஏற்கெனவே பல பொருளைச் சுமக்கிறது. இங்கே 'குறிப்பெயர்' துல்லியம்.

ஒரு குறிப்பெயர் தன் நிரலகத்துக்கு வெளியே தெரிகிறதா என்பதே விசிபிலிட்டி. அதற்குப் புலப்பாடு, காண்புநிலை என்றும் சொல்லலாம். ஆனால் காலத்தை வெளிப்படையாகக் காட்டும் வினையைத் 'தெரிநிலை வினை' என்று நம் இலக்கணம் முன்பே சொல்லிவிட்டது. தெரிநிலை என்றால் எதிர்ச்சொல்லாக மறைநிலையும் தானே கிடைக்கிறது.

லினக்ஸில் ஸ்டேடிக் (அந்தக் கோப்புக்குள் மட்டும்) என்று குறிக்காத எல்லாக் குறிப்பெயர்களும் இயல்பிலேயே தெரிநிலையில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் தொகுப்பியில் தலைகீழ்: கேட்டால்தான் ஏற்றுமதி.

லினக்ஸின் தாராளம் ஆபத்தானது. இரண்டு நிரலகங்களிலும் 'லாக்_இனிட்' இருந்தால், தேடல் வரிசையில் முதலில் வருவதே வெல்லும். இரண்டாம் நிரலகம் தன் உள்வேலைக்கு அழைப்பதும் முதலாவதற்கே போய்ச் சேரும். இரண்டின் தரவமைப்பும் வேறானால் நிரல் முறியும். பிழைத்தடமோ சம்பந்தமில்லாத நிரலகத்தைக் காட்டும்.

2005-இல் வந்த ஜிசிசி 4.0 தொகுப்பி இதற்கு '-எஃப்விசிபிலிட்டி=ஹிட்டன்' என்ற தெரிவைத் தந்தது. அதைக் கொடுத்து எல்லாவற்றையும் மறைநிலைக்குத் தள்ளுங்கள். பயனருக்கு உரியவற்றில் மட்டும் விசிபிலிட்டி டிஃபால்ட் பண்புக்கூறை எழுதுங்கள். பிறகு குறிப்பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம் --டைனமிக் --டிஃபைன்ட்-ஒன்லி' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எதிர்பாராத பெயர்கள் இன்னும் வந்தால், உள்ளே இணைத்த நிலைநிரலகம் (ஸ்டேடிக் லைப்ரரி) அந்தத் தெரிவில்லாமல் தொகுக்கப்பட்டிருக்கும்; லிங்கருக்கு '--எக்ஸ்குளூட்-லிப்ஸ்=ஆல்' கொடுத்தால் அவையும் மறையும்.

எல்லாவற்றையும் மறைப்பதும் தவறு. சி++இல் நிரலக எல்லையைத் தாண்டும் விதிவிலக்கு (எக்செப்ஷன்) வகுப்பு தெரிநிலையில் இருக்க வேண்டும். மறைத்தால் அதன் வகைத்தகவல் இரு பக்கமும் தனித்தனிப் பிரதியாகி, கேட்ச் பகுதி அதைப் பிடிக்காமல் விடக்கூடும்.

விண்டோஸில் ஒரே தலைப்புக்கோப்பு இரண்டு வேடம் போட வேண்டும்: நிரலகத்தைக் கட்டும்போது டிஎல்எல்எக்ஸ்போர்ட் (ஏற்றுமதி), பயன்படுத்தும்போது டிஎல்எல்இம்போர்ட் (இறக்குமதி). ஒரு மேக்ரோ போதும். செயற்கூறுக்கு டிஎல்எல்இம்போர்ட் விடுபட்டால் ஒரு தாவல் கூடும், அவ்வளவே. மாறிக்கு விடுபட்டால் இணைப்பே நடக்காது. இறக்குமதிக் கோப்பில் மாறியின் வெறும் பெயர் இருக்காது, '__இம்ப்_' முன்னொட்டுடன் கூடிய சுட்டியின் பெயர் மட்டுமே இருக்கும்.